வாய்க்காலில் வந்த தலைச்சுற்று

சுண்டுவிரல் நீளத்துச் சின்ன மீன்களை மாவில் புரட்டி, தலையும் வாலுமாகப் பொரித்து, கூம்பாகச் சுற்றிய தாளுக்குள் போட்டு, மேலே ஒரு துண்டு எலுமிச்சையைச் செருகித் தருவார்கள். எண்ணெய் மெல்ல மெல்லத் தாளில் ஊறும். சூடு உள்ளங்கையில் ஏறும். ஊரில் அம்மா பொரிக்கிற நெத்தலிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிளகாய்த்தூள் இல்லை, மஞ்சள் இல்லை, தலையைக் கிள்ளி எறிவதில்லை, அவ்வளவுதான். என் வாழ்நாளில் நான் தின்ற மிகச் சுவையான மீன் அப்படியொரு தாளில் வாங்கித் தின்றதுதான் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அதை நான் தின்ற ஞாயிற்றுக்கிழமையில் ஊரில் எங்கள் அம்மாவின் சாம்பல்கூடச் சரியாக ஆறியிருக்காது. அது எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. படகில் இருந்த நாலு பேரில் அத்தானுக்கு மட்டும் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா சப்பலில் ஐந்தாம் மாடியில் ஓர் அறையும் அதன் வாலாக ஒரு குசினியும்தான் எங்கள் வீடு. நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அக்காவும் அத்தானும், இந்தப் பக்கம் நானும் என் தையல் மெசினும். அத்தான் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தீவுப்பகுதிக்காரர். பள்ளிக்கூடத்துக்கே லோஞ்சில் கடல் தாண்டிப் போய் வந்தவர். அவரைச் சீண்டுவதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. 'தீவார் தீவார்' என்று நான் நெளிப்புக் காட்டினால், "ஓம் பிள்ளை, நாங்கள் உப்புத் தண்ணியிலை ஊறின ஆக்கள், கெதியிலை பழுதாகமாட்டம்" என்று சிரிப்பார். அதற்குமேல் சொல்லத் தெரியாது. வாய்ச் சண்டையில் என்னிடம் தோற்பதற்கென்றே பிறந்த மனிதர்.

அக்காவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. இரண்டாவது போனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்தது படுத்ததுதான். ஒரு மாதம் எங்களுடன் பேசவே இல்லை. இந்த முறை ஆஸ்பத்திரியில் டொக்டர், மனம் அதிரக்கூடாது, படியே ஏறி இறங்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் ஒருத்திக்குச் சொல்லக்கூடிய புத்திதான்! எது கொடுத்தாலும் அவள் உடம்பு ஏற்கவில்லை. சோற்றைக் கண்டால் ஓங்காளம், பாலைக் கண்டால் ஓங்காளம். ஒரு நாள் விடியற்காலை எழுந்து உட்கார்ந்து, "எனக்கு நெத்தலிப் பொரியல் வேணும்" என்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதாள். பாரிசில் அன்றைக்கு நெத்தலிக்கு எங்கே போவது? உப்பில் ஊறப்போட்ட ஒன்றை அத்தான் தகரப் பேணியில் வாங்கிவந்தார். அவள் மணந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

கீழ்மாடியில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர், ஞாயிறு விடியப் பூசைக்குப் போய் வந்தபிறகு வேறு வேலை இல்லாதவர். நாங்கள் ஐயா என்போம். வில்லெத் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன மெசின் படகு இருந்தது. கோடை வந்தால் அதை எடுத்துக்கொண்டு ஊர்க் என்ற வாய்க்கால் வழியே கிழக்கே போவார். கரையோரத்துக் குடிக்கடை ஒவ்வொன்றிலும் படகைக் கட்டி, ஒரு கிளாஸ் வெள்ளை வைன் குடித்து, அங்கே கிடைப்பதைத் தின்று, பின்னேரம் திரும்புவார். அக்காவின் ஆசையைக் கேட்டதும், "அட, இதுக்கா அழுவுறீங்க? ஃப்ரித்தூர்னு சொல்லி வாய்க்கா ஓரத்துல பொடி மீனைப் பொரிச்சுத் தருவாங்களே. வர்ற ஞாயித்துக்கெழம நாம எல்லாரும் போவோம்" என்றார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. அக்கா வயிற்றுக்கு இன்னும் அளவாக இருக்கிற ஒரேயொரு சட்டையைத் தோய்த்துக் காயவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் செய்தி வந்திருக்கிறது. எங்களுக்கு அப்போது தொலைபேசி இல்லை. தெருமுனைப் பலசரக்குக் கடைக்குத்தான் எல்லாருடைய செய்தியும் வரும். கொழும்பிலிருந்து சித்தப்பா பேசியிருக்கிறார். அம்மாவுக்கு நெஞ்சு நோ; ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனமும் வரவில்லை; விடியமுன் முடிந்துவிட்டது; கிடைத்த ஆட்களைக் கொண்டு எல்லாம் செய்தாயிற்று. கடைக்கார அண்ணை அத்தானைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போய் அரிசி மூட்டையில் இருத்திச் சொன்னாராம். அத்தான் ஐந்து மாடியும் ஏறி வந்தார். வந்ததும் நேரே குளிக்கப் போனார். சனிக்கிழமையில் ஆண்கள் தலை முழுகுவது எங்கள் வழக்கம் என்பதால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. எண்ணெய் வைக்காமல் முழுகியிருந்தார். தலையில் நல்லெண்ணெய் மணக்கவில்லை என்பது என் மூக்குக்குத் தெரிந்தது. "சுடுதண்ணி முழுக்க முடிச்சுப்போட்டு எண்ணையும் வைக்கேல்லையோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். "போத்திலிலை முடிஞ்சுது பிள்ளை" என்றார். போத்தில் அரைவாசிக்குமேல் இருந்தது. நானும் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

செத்த வீட்டுச் செய்தியைப் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்லுவதில்லை. ஊரில் என்றால் இதைச் செய்து முடிக்க நாலு பெரிய மனுசர் இருப்பார்கள். ஒருவர் மறைக்க, ஒருவர் பேச்சை மாற்ற, ஒருவர் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போக என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். இங்கே எல்லாப் பங்கும் ஒரு ஆளுக்கு. எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே என்று பின்னாளில் எத்தனையோ தரம் பொருமியிருக்கிறேன். ஆனால் என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். என் முகத்தில் ஒன்றும் மறையாது. சேலைக்கு அந்தப் பக்கம் இருப்பவளிடம் ஒரு மணித்தியாலம்கூட நான் மறைத்திருக்கமாட்டேன்.

ஆக, ஞாயிறு காலையில், அக்காவை மாடிக்கு மாடி இருத்தி மெல்ல இறக்கிக்கொண்டுபோய், நாங்கள் நாலு பேரும் படகில் ஏறினோம். "புள்ளத்தாச்சி பொண்ணு, பாத்து ஏத்துங்க. மெதுவா! தூஸ்மான், தூஸ்மான்!" என்று ஐயா பிரெஞ்சிலும் தமிழிலும் பதறினார். அக்கா ஏறி உட்கார்ந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! வாய்க்கால் தண்ணீர் அசையவே இல்லை. இரு கரையிலும் மாவு ஆலை, சீமெந்துக் குவியல், மண் ஏற்றிய பெரிய தட்டைப் படகுகள், இடையிடையே தூண்டில் போட்டபடி கதிரையில் தூங்கும் கிழவர்கள். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கி வந்த எங்களுக்கு அந்த வெயிலே போதுமாக இருந்தது.

முதல் கடை பொந்தன் என்ற இடத்தில். குனிந்து நுழைகிற கதவு, ஈயத்தகடு போட்ட மேசை, அதன்மேல் கம்பித் தட்டில் அவித்த முட்டைகள், பக்கத்தில் உப்புச் சாடி. ஆளுக்கொரு முட்டையை எடுத்து மேசையில் தட்டி உரித்து உப்பில் தொட்டுத் தின்னவேண்டியதுதான். அக்கா ஒன்றைத் தின்றுவிட்டு எங்களைப் பார்த்தாள், ஓங்காளிக்கவில்லை. இன்னொன்று எடுத்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அத்தான் முட்டையை உரித்து அக்காவிடம் கொடுத்தார், தான் எடுக்கவில்லை. "வாய்வு" என்றார். அடுத்த கடை பொபினி தாண்டி, கரையோரம் இரண்டே மேசை போட்டிருந்த கடை. அங்கே சிவப்பு முள்ளங்கியை இலையோடு கழுவிக் கொண்டுவந்து வைத்தார்கள்; வெண்ணெய், உப்பு, பாண் ரொட்டி. முள்ளங்கியை வெண்ணெயில் தோய்த்துப் பச்சையாகக் கடிப்பதை நாங்கள் அன்றுதான் கண்டோம். அத்தான் பாணும் முள்ளங்கியும் தின்றார். ஐயா வைன் ஊற்றப் போனபோது கிளாசின் மேல் கையை வைத்து மறைத்தார். நான் விடுவேனா? "முட்டை வேண்டாம், வைன் வேண்டாம். என்ன அத்தான், சாமியாராப் போகப் போறியளோ?" என்று கேட்டேன். ஐயாகூடச் சிரித்தார். அத்தான் பாணைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். வாத்துகள் வந்தன. அவர் வாத்துக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். இன்றைக்கு அது எனக்கு அம்மாவுக்கு நீரில் விட்ட பிண்டம்போலத் தோன்றுகிறது.

மூன்றாவது கடையில்தான் மீன். ஐயா சுக்கானை அத்தானிடம் கொடுத்திருந்தார். தீவான் கை, படகு கரையில் முட்டாமல் அப்படியே போய் அணைந்தது. ஒரு கிழவி உள்ளேயிருந்து தாள் சுருள்களைக் கொண்டுவந்து, கரையோர மேசையில் இருந்த எங்கள் கையில் தந்தாள். அக்கா மணந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, எங்கள் வீட்டில் என்றைக்கும் இல்லாத வழக்கமாக, முதல் மீனை எடுத்துப் புருசனிடம் நீட்டினாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் முதல்."

"எனக்கு வேண்டாம். நீர் சாப்பிடும்."

"ஒண்டு."

"வேண்டாமப்பா. உமக்காகத்தானே வந்தது."

அவள் கை நீட்டியபடியே நின்றது. அதோடு விட்டிருக்கலாம். அவள் தானாகவே கையை மடக்கித் தின்றிருப்பாள். நான்தான் வாயைத் திறந்தேன். "அவர் தின்னாட்டி நீயும் தின்னாதை அக்கா. எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்துபோட்டு அவருக்கென்ன எடுப்பு!" விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அக்காவுக்கு அந்த விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. மீனைத் திரும்பத் தாளுக்குள் போட்டு, தாளை மடியில் வைத்து, "ஓம், சரிதான். நீங்கள் திண்டால்தான் நான் தின்பன்" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. நான் ஏதோ அறியாத பிள்ளை என்பதுபோல ஒரு பார்வை. பிறகு அக்காவின் மடியிலிருந்த தாளிலிருந்து ஒரு மீனை எடுத்து, தலையோடு வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கினார். "நல்லாயிருக்கு, சாப்பிடும்" என்றார். அக்கா தின்னத் தொடங்கினாள். தாள் முழுவதையும் முடித்தாள். என் தாளிலும் கை வைத்தாள். விரலை நக்கினாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். அவள் தின்றுகொண்டிருக்கும்போது அத்தான் எழுந்து, மெல்ல நடந்து, படகு கட்டியிருந்த இடத்துக்கு அப்பால் ஒரு மரத்தடியில் குந்தி வாய்க்காலுக்குள் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து முகத்தைத் துடைத்தபடி, "தலை சுத்துது. படகிலை வந்தது ஒத்துக்கொள்ளேல்லை" என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பு! அசையாத வாய்க்காலில் தீவானுக்குத் தலை சுத்துதாம். நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ போதும், பிள்ளை குலுங்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஏங்க, குளத்துத் தண்ணி கூட இதைவிட ஆடுமே" என்று ஐயா தொடங்கினார். பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். திரும்பும்போது சுக்கானை யாருக்கும் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டார். வழி நெடுக நான் ஊர்ப் படகுக்காரர் மாதிரி ஏலேலோ போட்டு அத்தானைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் அத்தான் முருகனுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகவும், பிள்ளை பிறந்து துடக்குக் கழியும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடமாட்டார் என்றும் சொன்னார். அந்தப் பொய்யை அவர் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். நான் அதை எத்தனை தரம் நினைத்திருக்கிறேன்! ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதருக்கு அது ஒரு நாள் பிந்தித்தான் வாயில் வந்தது.

குறைமாதம்தான், ஆனாலும் பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண். அம்மாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி வந்தபோது அக்கா பிள்ளையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று பின்னேரம் அத்தான் வேலைக்குப் போகவில்லை. அக்கா பால் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிள்ளையை வாங்கி என் கையில் தந்தார். பெட்டிக்கு மேலிருந்த அம்மாவின் படத்தை எடுத்துச் சுவரோடு சாத்தி வைத்து, அதற்கு முன்னால் விளக்கை ஏற்றினார். அவர் வாயைத் திறக்கமுன்பே எங்களுக்கு விளங்கிவிட்டது. அழுதோம், பிள்ளையும் அழுதது. அழுது ஓய்ந்தபிறகு அக்கா, "எப்ப தெரியும்?" என்று கேட்டாள். இப்போதுதான் செய்தி வந்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். அதற்குள் ஒரு மாதம் பொய் சொல்லிப் பழகியும் இருந்தார். ஆனால், "நாங்கள் படகிலை போனமே, அதுக்கு முதல்நாள்" என்றார்.

பிறகு அக்கா மெதுவாக, "அப்ப... அந்த மீன்?" என்றாள். அத்தான் விளக்குத் திரியைத் தூண்டினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "தாய் செத்த வீட்டிலை உங்களை மீன் தின்ன விட்டிட்டன், அது என்ரை பாவம்" என்று எத்தனையோ வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியை அவருக்கு நன்றாகப் பிடிக்கும். தாயில்லாத அவருக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் ஒரு தாய் கிடைத்தாள் என்று ஊரில் சொல்லுவார்கள். அக்காவும் நானும் அறியாமல் தின்றோம். அறியாததற்குப் பாவமில்லை என்று கோயில் ஐயரும் சொல்லிவிட்டார். அறிந்துகொண்டு தின்றவர் அவர் ஒருவர்தான். அதுவும் என் வாய்க்கொழுப்பால் தின்றார். அதன்பிறகு மீனில் பெரியது தின்பார், நண்டு தின்பார், கணவாய் என்றால் சட்டியையே வழிப்பார். பொடிமீனை மட்டும் தொடமாட்டார். பிள்ளைகள் கேட்டால், "முள்ளு" என்பார். அக்கா தட்டைப் பார்ப்பாள். நான் யன்னலைப் பார்ப்பேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று என் மனசில் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை வெறுக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. அம்மாவை நினைத்து அழும்போதுகூட, அந்த வெயிலும் அக்காவின் சிரிப்பும் எண்ணெய் ஊறிய தாளும் பின்னால் வந்து நிற்கின்றன. நான் பாரிசில் முழு மனதோடு சந்தோசமாக இருந்த முதல் நாள் அது. அம்மா இல்லாத முதல் நாட்களில் ஒன்று. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அத்தான் வேண்டுமென்றே எங்களுக்கு அந்த நாளைத் தந்தாரா, வேறு வழியில்லாமல் தந்தாரா என்றும் கேட்கவில்லை. கேட்க வாய் வரும்போதெல்லாம், கடைசியாக இந்த வாய் என்ன செய்தது என்று நினைவு வரும்.

போன மாசி மாதம் அத்தான் காலமானார். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, பொபினியில் அக்கா வீட்டில். செத்தவருக்குப் பிடித்த மச்சங்களையெல்லாம் சமைத்து அன்றைக்கு இலையில் படைப்போம். அக்கா விடிய எழும்பிக் கணவாய், நண்டு, ஆட்டிறைச்சி என்று அடுப்போடு நின்றாள். நான் பெறாமகளைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய காரில் வாய்க்கால் கரைக்குப் போனேன். அன்று வயிற்றுக்குள் குலுங்கியவள்; இன்றைக்கு அவளுக்கே இரண்டு பிள்ளைகள். அந்தக் கிழவியின் கடை இல்லை. அதே கரையில் இளைஞர்கள் இரண்டு பேர் ஒரு கட்டைப் படகைக் கட்டிவைத்து அதற்குள் கடை நடத்துகிறார்கள், ஓடாத படகு. ஒரு சுருள் மீன் வாங்கினேன். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அவள் பிரெஞ்சில் கேட்டாள், அப்பா இதை ஒருநாளும் சாப்பிடமாட்டாரே, எதற்கு என்று. "ஒருக்கா சாப்பிட்டவர்" என்றேன். வீடுவரை அவளுக்கு முழுக்கதையையும் சொன்னேன். அவள் சமிக்ஞை விளக்கில் பச்சை விழுந்தும் காரை எடுக்காமல் இருந்தாள். பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

தாளைக் கண்டதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். தானே தாளைப் பிரித்து, மீன்களை இலையின் நடுவில், சோற்றுக்குப் பக்கத்தில், கணவாயைத் தள்ளிவிட்டு இடம் பண்ணி வைத்தாள். எலுமிச்சைத் துண்டையும் வைத்தாள். "இண்டைக்கு மச்சம் ஆகும்" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். "சாப்பிடுங்கோ." படைத்தபிறகு அவர் வந்து உண்ணக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது வழக்கம். நாங்கள் மூன்று பேரும் நடையில் நின்றோம். என் விரலில் எண்ணெய் ஒட்டியிருந்தது. வெறும் தாளை நான் எடுத்தபோது அதன் அடியில் உடைந்து கிடந்த ஒரு மீன் என் கையோடு வந்திருந்தது. பழக்கதோசத்தில் அதை வாயருகே கொண்டுபோனேன். அக்கா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"பொறு," என்றாள். "அவர் முதல் தின்னட்டும்."

சூடு ஆறிப்போன அந்த மீனைக் கையில் பொத்திக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றேன்.